ஒரு ஷரத்து, சில ஆயிரம் கோடி

அரசோடு ஒப்பந்தம் போட்டவர்கள் கோர்ட் படியேறும்போது அவர்களுக்காகவும், அவர்களை எதிர்த்தும் வாதாடத் தலைநகரில் ஒரு தனி வக்கீல் வர்க்கமே உருவாகியிருக்கிறது. ரயில் பாலம் முதல் செயற்கைக்கோள் வரை அவர்கள் கையாளும் விவகாரங்களில் முடிவில் புரள்வது பொதுப்பணம்.

புது தில்லி ரயில் நிலையத்துக்கு அருகே பூமிக்கடியிலிருந்து கிளம்பும் விமான நிலைய மெட்ரோ ரயில் தௌலா குவான் பக்கம் மேம்பாலத்தில் ஏறி ஓடுகிறது. பாலத்தின் தூலங்களுக்கும் தூண்களுக்கும் இடையே பளுவைத் தாங்கும் பேரிங்குகள் இருக்கின்றன. பயணிகள் யாரும் அவற்றைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தியாவில் அரசு ஒப்பந்த வழக்குகளை நடத்தும் எந்த வக்கீலைக் கேட்டாலும் அந்தப் பேரிங்குகளைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்.

2008 ஆகஸ்டில் தில்லி மெட்ரோ ரயில் கார்ப்பரேஷனுக்கும், ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் முக்கிய பங்குதாரராக இருந்த 'டேமெபெல்' என்ற கம்பெனிக்கும் 30 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலத்தையும் சுரங்கத்தையும் மெட்ரோ கட்டித் தரும்; தண்டவாளம், சிக்னல், ரயில் பெட்டி எல்லாம் கம்பெனியின் பொறுப்பு; ஓட்டிச் சம்பாதிப்பதும் கம்பெனிதான். 2011 பிப்ரவரியில் ரயில் ஓடத் தொடங்கியது. 2012 ஜூலையில் நின்றது. தூலங்களிலும் பேரிங்குகளிலும் கோளாறு, பாதுகாப்பாக ஓட்ட முடியாது என்றது கம்பெனி. 90 நாளில் சரிசெய்யுங்கள் என்று ஜூலை 9ஆம் தேதி நோட்டீஸ் அனுப்பியது. அக்டோபர் 8ஆம் தேதி ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்வதாக அறிவித்தது. 2013 ஜனவரியில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் சான்றிதழோடு, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மிகாமல், அதே பாலத்தில் ரயில் மறுபடியும் ஓடியது. அந்த ஆண்டின் நடுவில் கம்பெனி கையைக் கழுவிக்கொண்டு வெளியேற, மெட்ரோவே ஓட்டத் தொடங்கியது.

விவகாரம் மூன்று பேர் கொண்ட நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2017 மே மாதம் தீர்ப்பாயம் கம்பெனி பக்கம் நின்றது. மெட்ரோ தரவேண்டிய தொகை 2,782.33 கோடி ரூபாய், வட்டி தனி. தில்லி உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி அதை ஏற்றார் (2018). இரண்டு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது (2019). உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர் கொடுத்தது (2021 செப்டம்பர்). மறு ஆய்வு மனுவும் தள்ளுபடி. அதோடு கதை முடிந்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். வட்டி ஏறி ஏறித் தொகை சுமார் 8,000 கோடியைத் தொட்டிருந்த நிலையில், 2024 ஏப்ரல் 10ஆம் தேதி, மிக அபூர்வமாகவே ஏற்கப்படும் சீராய்வு மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்று, தன் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பையே தள்ளிவைத்தது. மெட்ரோ அதுவரை கட்டியிருந்த பணத்தைத் திருப்பிக் கொடு என்றது.

எல்லாம் ஒரு ஷரத்தில் வந்த சில சொற்களால். மெட்ரோ 90 நாளில் கோளாறைச் சரிசெய்யத் தவறினாலோ, சரிசெய்வதற்கான 'பயனுள்ள நடவடிக்கைகளை' எடுக்கத் தவறினாலோ ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்றிருந்தது அந்த ஷரத்து. கோளாறு முழுவதும் தீரவில்லை, ஆகவே முறித்தது சரி என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது. மெட்ரோ எடுத்த நடவடிக்கைகளின் பலனாகத்தானே மூன்று மாதம் கழித்து ரயில் ஓடியது, ஷரத்தின் பின்பாதியைத் தீர்ப்பாயம் படிக்காமலே விட்டுவிட்டது, பாதுகாப்புச் சான்றிதழையும் ஒதுக்கிவிட்டது என்பது 2024 தீர்ப்பின் சாரம். இன்று அந்தத் தடத்தில் ரயில் 120 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது.

இத்தகைய வழக்குகளை நடத்துவது ஒரு தனி வித்தை. கொலை வழக்கு வக்கீலைப் போல் குறுக்கு விசாரணையில் சாட்சியைத் திணற அடிப்பது இங்கே அபூர்வம். அறை நிறைய பைல்கள். ஒப்பந்தம் மட்டுமே ஐந்தாறு வால்யூம். பொது நிபந்தனைகள், சிறப்பு நிபந்தனைகள், பின்னால் வந்த திருத்தங்கள், ஆண்டுக்கணக்கில் நடந்த கடிதப் போக்குவரத்து. மழையால் எத்தனை நாள் போனது, நிலம் கையகப்படுத்த எத்தனை மாதம் தாமதம், வரைபடம் எந்தத் தேதியில் வந்தது என்று நாள் கணக்குப் போட்டு, 'தாமதம் யாரால்?' என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டும். வக்கீலோடு இன்ஜினீயரும் ஆடிட்டரும் உட்கார்ந்திருப்பார்கள். பகலெல்லாம் கோர்ட்டில் நிற்பவர்கள் சாயங்காலத்திலும் சனிக்கிழமைகளிலும் நடுவர்கள் முன் ஆஜராவார்கள். தில்லி உயர்நீதிமன்றத்தை ஒட்டியே 2009 முதல் ஒரு நடுவர் மையம் இயங்குகிறது.

இவர்களுடைய எதிர்க்கட்சி சாதாரண எதிர்க்கட்சி அல்ல. அரசு என்பது ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு. ஒப்பந்தத்தின் வாசகத்தை எழுதுவதும் அதுவே. பல சமயம் சட்டத்தை எழுதுவதும் அதுவே. அதன்மேல் வழக்குப் போட வேண்டுமானால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 299ஆவது பிரிவோ, மத்திய அரசின் ஒப்பந்தம் ஜனாதிபதியின் பெயரிலும் மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநர் பெயரிலும், அதிகாரம் பெற்றவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. "சார் சொன்னார், வேலையை ஆரம்பித்துவிட்டோம்" என்பது சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தமே அல்ல.

அப்படியானால் வேலை செய்தவன் கதி? இதற்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. 1944இல் வங்காளத்தில், ஹூக்ளி மாவட்டம் ஆரம்பாக்கில், சிவில் சப்ளை இலாகா அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி ஒரு கான்ட்ராக்ட் நிறுவனம் கிடங்குக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்தது. முறைப்படி ஒப்பந்தம் இல்லை. பில் சில ஆயிரம் ரூபாய். பணம் கேட்டபோது, ஒப்பந்தமே செல்லாதே என்றது அரசு. வழக்கு சுதந்திரத்தைக் கடந்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்து 1961 டிசம்பரில் முடிந்தது. ஒப்பந்தம் செல்லாமல் போகலாம். ஆனால் இனாமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு சொல்வது அரசுக்கும் பொருந்தும் என்றது நீதிமன்றம். வாய்மொழி உத்தரவை நம்பி வேலை முடித்துவிட்டு அலைகிற கான்ட்ராக்டர்களுக்கு இன்றுவரை கைகொடுப்பது பி.கே. மண்டல் வழக்கு என்ற அந்தத் தீர்ப்புதான்.

பெரும்பாலான விவகாரங்கள் வேலை தொடங்குமுன்பே, டெண்டர் கட்டத்திலேயே வெடிக்கின்றன. இதிலும் சட்டம் இரண்டு தீர்ப்புகளுக்கு இடையே ஊசலாடுகிறது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த டெண்டர் விட்டார்கள். ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள இரண்டாம் தர ஹோட்டல்காரராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. கிடைத்ததோ கேன்டீன்கள் நடத்திய அனுபவம் மட்டும் உள்ள ஒருவருக்கு. 1979இல் உச்ச நீதிமன்றம், அரசு தானே விதித்த தகுதியைத் தானே மீற முடியாது, தன் தயவை விருப்பம்போல் வழங்க அது தனிமனிதரல்ல என்று சொன்னது. வழக்குப் போட்டவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். தாமதமாக வந்தார், அவருக்கு இதில் நேரடி அக்கறையும் இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. கொள்கை வென்று கட்சிக்காரர் தோற்பது இந்தத் துறையில் சகஜம்.

மற்றொன்று 1994 ஜூலை மாதத் தீர்ப்பு. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களுக்கு மொபைல் போன் லைசென்ஸ் கொடுத்ததில் எழுந்த சர்ச்சை அது. நாட்டில் யார் கையிலும் மொபைல் இல்லாத காலம். டாடா செல்லுலார் வழக்கு என்று பேர்பெற்ற அந்தத் தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி எஸ். மோகன். முடிவு சரியா என்று நீதிமன்றம் பார்க்காது, முடிவெடுத்த முறை சரியா என்றுதான் பார்க்கும்; தொழில்நுட்ப விஷயங்களில் நிபுணரின் இடத்தில் நீதிபதி உட்காரக் கூடாது; அரசுக்கும் சற்றுக் கைவீச்சு வேண்டும் என்பவை அதில் வகுத்த நெறிகள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், டெண்டர் வழக்கு எதுவானாலும் இரு தரப்பு வக்கீல்களும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஒருவர் முன்பாதியை வாசிப்பார், மற்றவர் பின்பாதியை.

2012 பிப்ரவரியில் அதே டெலிகாம் துறையில் 122 லைசென்ஸ்களை ஒரே தீர்ப்பில் ரத்து செய்தபோது கோர்ட்டின் கை ஓங்கியது. 'முதலில் வந்தவருக்கு முதலில்' என்று சொல்லிவிட்டு, பணம் கட்ட வேண்டியவர்களுக்குச் சில மணி நேரமே கொடுத்த விசித்திரமான முறை அங்கே விசாரணைக்கு வந்தது. பத்து ஆண்டு கழித்து, 2022இல், ஜார்க்கண்ட் சாலை டெண்டர் ஒன்றில் உச்ச நீதிமன்றமே வேறு குரலில் பேசியது: டெண்டர் முறைகேடு என்று தோன்றினாலும் தடை போட்டு வேலையை நிறுத்தாதீர்கள், பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுத்தால் போதும். அடிப்படைக் கட்டமைப்புத் திட்டங்களுக்குத் தடையுத்தரவு கூடாது என்று 2018இலேயே சட்டமும் திருத்தப்பட்டிருந்தது.

நியாயமான வாதமாகத்தான் தெரிகிறது. பாதி கட்டிய பாலம் பத்து வருடம் வானத்தைப் பார்த்து நிற்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் நஷ்டஈடு கொடுப்பது யார்? தவறாக டெண்டர் கொடுத்த அதிகாரி அல்ல. ஒரே சாலைக்கு அரசு இரண்டு பேருக்குப் பணம் கொடுக்கும் நிலை வரலாம் என்பதை இந்தத் தீர்ப்பைப் பாராட்டுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை.

கோர்ட் முழுவதும் ஒதுங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. கல்கத்தாவில் இரண்டு சுரங்கப் பாதைகளைப் பராமரித்துக்கொண்டு விளம்பரம் வைத்துக்கொள்ளும் உரிமையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு ரத்து செய்தது பெருநகர வளர்ச்சி ஆணையம். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கோப்பை வரவழைத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, இந்த ரத்து தன்னிச்சையானது என்று முடிவு செய்தது. கடிதத்தில் ஒரு காரணமும் கோப்பின் ஓரக் குறிப்பில் வேறு காரணமும் இருப்பது நம் அலுவலகங்களில் அதிசயமா என்ன? தகவல் உரிமைச் சட்டம் வந்த 2005க்குப் பிறகு இந்தத் துறை வக்கீல்கள் முதலில் செய்யும் காரியம், கோப்புக் குறிப்புகளைக் கேட்டு மனுப் போடுவது.

டெண்டர் கிடைத்து, வேலை நடந்து, பில் போட்ட பிறகுதான் சிறிய கான்ட்ராக்டரின் உண்மையான அவஸ்தை ஆரம்பிக்கிறது. முன்வைப்புத் தொகை, செயல்பாட்டு உத்தரவாதம் என்று வங்கி கேரண்டிகள் இலாகாவின் பீரோவில் இருக்கும். தகராறு முற்றியதும் இலாகா செய்வது, வங்கிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேரண்டியைப் பணமாக்குவது. நிபந்தனையற்ற கேரண்டியாக இருந்தால் வங்கி கேள்வி கேட்காமல் கொடுத்தாக வேண்டும். அப்பட்டமான மோசடியோ, ஈடுசெய்யவே முடியாத அநீதியோ இருந்தாலொழிய கோர்ட் தலையிடாது என்பது பல ஆண்டுகளாக நிலைத்துவிட்ட சட்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வங்கி மேனேஜர் போன் செய்து சொல்ல, கான்ட்ராக்டர் வக்கீலிடம் ஓடி வர, இரவோடிரவாக மனு தயாரித்துத் திங்கள் காலை அவசரமாகக் குறிப்பிட்டு வாதாடித் தோற்பது ஜூனியர் வக்கீல்கள் எல்லோருக்கும் பழகிப்போன ஓட்டம். அந்தக் கேரண்டிக்கு வங்கி ஈடாக வைத்திருப்பது பெரும்பாலும் வீட்டுப் பத்திரம்.

இன்னொன்று, 'இனி பாக்கி எதுவும் இல்லை' என்று எழுதி வாங்கும் சான்று. கடைசி பில் வேண்டுமானால் இதில் கையெழுத்துப் போடு என்பார்கள். கேட்டது ஒரு கோடி, கிடைப்பது அறுபது லட்சம் என்றாலும், கூலி பாக்கிக்காரர்கள் வாசலில் நிற்கும்போது மனிதன் போடத்தான் செய்வான். பிறகு மீதியைக் கேட்டால் அந்தக் காகிதத்தை நீட்டுவார்கள். நிர்ப்பந்தத்தில் வாங்கிய கையெழுத்து உரிமையைப் பறிக்காது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் நிர்ப்பந்தம் என்பதை நிரூபிக்க வேண்டுமே. கையெழுத்துப் போட்ட மறுநாளே எதிர்ப்பைத் தெரிவித்துப் பதிவுத் தபால் அனுப்பியவர்கள் பிழைத்தார்கள். ஒரு வருடம் கழித்து வக்கீலைப் பார்க்கப் போனவர்கள் பலர் பிழைக்கவில்லை.

சிறு தொழில்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு ஆயுதம் கொடுத்திருக்கிறது. பொருளோ சேவையோ வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தீர்ப்பை எதிர்த்து மேலே போக வேண்டுமானால் முதலில் 75 சதவிகிதத்தைக் கட்டிவிட்டுத்தான் போகலாம். கட்டட வேலைகளுக்கு இது செல்லுமா என்பதில் முரண்பட்ட தீர்ப்புகள் வந்திருக்கின்றன. சட்டம் பலமாக இருந்தும் பலர் இதைப் பயன்படுத்தாததற்குக் காரணம் எளியது: அடுத்த டெண்டரும் அதே இலாகாவிடமிருந்துதான் வர வேண்டும்.

தொழில்நுட்பம் நுழைந்த பிறகு சண்டையின் அளவு பெருத்தது, சுபாவம் மாறவில்லை. மறுபடியும் சொற்கள்தான். 1999ஆம் ஆண்டு டெலிகாம் கொள்கையின்படி கம்பெனிகள் நிலையான லைசென்ஸ் கட்டணத்திலிருந்து வருவாயில் பங்கு தரும் முறைக்கு மாறின. 'வருவாய்' என்றால் என்ன? போன் பேசுவதால் வருவது மட்டுமா, வங்கி வட்டி, வாடகை, டிவிடெண்டும் சேர்த்தா? பதினைந்து ஆண்டுக்கும் மேலாக நடந்த சண்டையில் 2019 அக்டோபர் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நீங்கள் கையெழுத்திட்ட லைசென்ஸில் எல்லாம் சேர்த்துத்தானே எழுதியிருக்கிறது என்று அரசு பக்கம் தீர்ப்பளித்தது. லைசென்ஸ் கட்டண பாக்கி மட்டும் 92,000 கோடி ரூபாய்க்கு மேல் என்றது கணக்கு. பெரும்பகுதி வட்டி, அபராதம், அபராதத்தின் மீது வட்டி. கணக்கில் கூட்டல் பிழை இருக்கிறது, திருத்துங்கள் என்ற மனுவும் 2021இல் தள்ளுபடியானது. வோடபோன் ஐடியா கிட்டத்தட்ட மூழ்கும் நிலைக்கு வந்து, அரசே அதில் பெரிய பங்குதாரரான பிறகு, 2025 அக்டோபரில் அதன் பாக்கியை அரசு மறுபரிசீலனை செய்யலாம் என்று அதே நீதிமன்றம் அனுமதித்தது.

சட்ட ஆவணங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு இந்தச் சண்டைகளில் ஒரு தனி ஈடுபாடு உண்டு. இந்தியாவில் டெண்டர் வாசகம் முதலில் ஆங்கிலத்தில் பிறக்கிறது. அதில் உள்ள 'நியாயமான காலம்', 'திருப்திகரமான முன்னேற்றம்', 'கூடியமட்டும்' போன்றவற்றைத் தமிழில் கொண்டுவரும்போதுதான் மூலத்திலேயே அர்த்தம் எவ்வளவு தளதளவென்று இருக்கிறது என்பது தெரியும். இலக்கணம் படித்தவர்கள் 'உம்'மைக்கும் 'அல்லது'க்கும் உள்ள வித்தியாசத்துக்கு மல்லுக்கட்டுவதைக் கேலி செய்வோர் உண்டு. மெட்ரோ வழக்கின் ஷரத்தில் இருந்ததும் ஒரு 'அல்லது'தான்.

சாட்சியத்தின் வடிவமும் மாறிவிட்டது. டெண்டர்கள் இணைய தளத்தில் போடப்படுகின்றன. கடைசி நிமிடத்தில் 'சர்வர்' படுத்துவிட்டது என்று ஒருவர், உங்கள் கணினிதான் மெதுவாக இருந்தது என்று இலாகா. எந்த நொடியில் எந்த பைல் ஏறியது என்பதற்கு சர்வரின் பதிவேடுதான் சாட்சி. அதை கோர்ட்டில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவு பற்றி 2014, 2020 ஆகிய ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது இது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் சான்றிதழ் இரண்டு பகுதிகள். ஒன்றைக் கட்சிக்காரர் தர வேண்டும், மற்றதை நிபுணர். பைலின் விரல்ரேகை போன்ற 'ஹாஷ்' எண்ணையும் குறிப்பிட வேண்டும். சான்றிதழ் இல்லாத மின்னஞ்சல் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் வெறும் காகிதம்தான்.

வானத்திலும் ஒரு ஒப்பந்தத் தகராறு உண்டு. இஸ்ரோவின் வணிகக் கிளையான ஆன்ட்ரிக்ஸ், பெங்களூரின் தேவாஸ் மல்டிமீடியா என்ற கம்பெனிக்கு இரண்டு செயற்கைக்கோள்களின் அலைவரிசைத் திறனை 12 ஆண்டுக் குத்தகைக்குத் தர 2005 ஜனவரியில் ஒப்பந்தம் செய்தது. 2011 பிப்ரவரியில் நாட்டின் பாதுகாப்புத் தேவைகளைக் காரணம் காட்டி மத்திய அமைச்சரவைக் குழு அதை ரத்து செய்தது. 2015இல் சர்வதேச நடுவர் தீர்ப்பாயம் ஆன்ட்ரிக்ஸ் 56.25 கோடி டாலர் தர வேண்டும் என்றது. மொரீஷியஸ் வழியாக முதலீடு செய்தவர்களும் ஜெர்மனியின் டாய்ச் டெலிகாமும் இந்திய அரசின் மேல் தனித்தனியாக வழக்குப் போட்டு வென்றார்கள்.

அப்போது அரசுத் தரப்பு எடுத்தது வேறு பாதை. நடுவர் தீர்ப்பை நேரே தாக்குவதோடு நிற்காமல், தேவாஸ் கம்பெனியே மோசடிக்காகத் தொடங்கப்பட்டது, அதைக் கலைக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2022 ஜனவரி 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கலைப்பை உறுதி செய்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றம் நடுவர் தீர்ப்பை ரத்து செய்தது. உள்நாட்டில் விஷயம் அநேகமாக முடிந்தது. வெளிநாட்டில் முடியவில்லை. அமெரிக்காவில் ஆன்ட்ரிக்ஸ் மேல் வழக்கு நடத்த, அந்நாட்டோடு அதற்குக் குறைந்தபட்சத் தொடர்பு இருந்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை என்று 2025 ஜூன் 5ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லி, வழக்கைக் கீழ்க் கோர்ட்டுக்கு அனுப்பிவைத்தது. மோசடி நடந்திருந்தால் அது நடந்தது அரசு நிறுவனத்தின் கையெழுத்தோடுதான் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஆறு ஆண்டு அந்தக் கோப்பு எந்தெந்த மேஜைகளில் இருந்தது?

நடுவர் முறை நம் நாட்டில் வளர்ந்ததே அரசின் ஆதரவால்தான். 1996இல் சட்டம், 2015இல் திருத்தம். அதற்கு முன் தீர்ப்பை எதிர்த்து மனுப் போட்டாலே அது தானாக நின்றுவிடும். திருத்தத்துக்குப் பின் தடை வேண்டுமென்றால் கேட்டுப் பெற வேண்டும். எதிர்த்துப் போவதற்கு மூன்று மாதம், மேலே முப்பது நாள், அதற்குப் பிறகு ஒரு நாள்கூடக் கிடையாது. 2016இல் மத்திய அரசு இன்னும் ஒரு படி போய், தோற்ற வழக்கில் மேல்முறையீடு செய்தாலும் 75 சதவிகிதத்தை வங்கி கேரண்டி பெற்றுக்கொண்டு கான்ட்ராக்டருக்குக் கொடுக்கச் சொன்னது. கட்டுமானக் கம்பெனிகளின் மூச்சு திரும்பட்டும் என்பது நோக்கம்.

கூடவே ஒரு பழைய வழக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. ரயில்வே போன்ற நிறுவனங்கள் தங்கள் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பட்டியலை நீட்டி, இதிலிருந்து உங்கள் நடுவரைத் தேர்ந்தெடுங்கள் என்று எதிர்த் தரப்பிடம் சொல்லும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒரு தரப்பு தயாரித்த பட்டியலுக்குள் மறு தரப்பைக் கட்டிப்போடுவது சமத்துவமல்ல, இனி வரும் நியமனங்களில் இது கூடாது என்றது.

இந்தத் தீர்ப்புக்கு ஐந்து மாதம் முன்பே அரசு வேறு திசையில் திரும்பியிருந்தது. மெட்ரோ தீர்ப்பின் சூடு ஆறுமுன், 2024 ஜூன் 3ஆம் தேதி, நிதியமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அரசு ஒப்பந்தங்களில் நடுவர் ஷரத்தை வழக்கம்போல் சேர்க்க வேண்டாம். 10 கோடி ரூபாய்க்குக் குறைவான தகராறுகளோடு அது நிற்கட்டும். பெரியவற்றைச் சமரசம் பேசித் தீருங்கள், முடியாவிட்டால் கோர்ட்டுக்குப் போகட்டும் என்பது அதன் சாரம். நடுவர் முறை விரைவாகவும் இல்லை, மலிவாகவும் இல்லை, உண்மைகளையும் சட்டத்தையும் தவறாகப் புரிந்துகொண்ட தீர்ப்புகள் வருகின்றன என்பது சொல்லப்பட்ட காரணம்.

மலிவு இல்லை என்பது உண்மைதான். நடுவர்களின் கட்டணத்துக்கே உச்சவரம்பு 30 லட்சம் ரூபாய், அது ஒவ்வொரு நடுவருக்கும் தனித்தனி, நடுவர்களே தங்கள் பீஸைத் தன்னிச்சையாக நிர்ணயிக்கக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. சீனியர் வக்கீல்களின் பீஸுக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. விரைவு இல்லை என்பதிலும் உண்மை உண்டு. ஆனால் தாமதத்துக்குக் காரணம் யார்? தோற்றபோதெல்லாம் மேலே போனது பெரும்பாலும் அரசுத் தரப்பே. போகாமல் விட்டால் நாளை தணிக்கையில், விஜிலென்ஸில் பதில் சொல்ல வேண்டுமே என்று அதிகாரி பயப்படுகிறார். போய்த் தோற்றால் அது கோர்ட்டின் முடிவு, அவர் தலை தப்பியது. வட்டியைக் கட்டுவது அவர் அல்ல.

மெட்ரோ வழக்கின் முடிவு சரியாகவே எனக்குப் படுகிறது. ஓடுகிற ரயிலைக் காட்டி, ஓடாது என்பதற்காகப் பணம் வாங்குவது எந்த நியாயத்திலும் சேராது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த வழி கவலை தருவது. தீர்ப்பாயம், தனி நீதிபதி, அமர்வு, உச்ச நீதிமன்றம், மறு ஆய்வு, சீராய்வு என்று ஆறு கட்டம், கிட்டத்தட்ட பன்னிரண்டு ஆண்டு. முடிந்ததாக நினைத்த தீர்ப்பு முடியவில்லை. அரசு மெட்ரோவாக இல்லாமல், ஒரு சின்ன கான்ட்ராக்டர் ஐந்து கட்டம் தோற்றிருந்தால் ஆறாவது கதவைத் தட்ட அவரிடம் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் மிச்சம் இருந்திருக்குமா?

சுற்றறிக்கையால் பெரிய தகராறுகள் இனி 2015இல் பிறந்த வணிக நீதிமன்றங்களுக்கு வரும். அங்கே அவசர நிவாரணம் கேட்காத வழக்கென்றால் முதலில் சமரச முயற்சி கட்டாயம். பதில் மனுவுக்கு 120 நாள், அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை. தொடக்கத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வழக்குகளுக்காக ஏற்பட்ட இந்த நீதிமன்றங்களின் வரம்பு 2018இல் மூன்று லட்சமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே மூன்று லட்சம் ரூபாய் பில்லுக்காக வருகிற பர்னிச்சர் சப்ளையரும், முந்நூறு கோடி கேட்கும் சாலைக் கம்பெனியும் வழக்குப் போடுவது ஒரே சட்டத்தின் கீழ்தான்.